அந்த 50 மூட்டைச் சோழி யாருடைய கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சினுவா அச்செபெயின் நாவலைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. 1958இல் ஆங்கிலத்தில் வெளியாகி, தமிழில் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் வந்த நாவல். நைஜீரியாவின் இக்போ மக்கள் வாழும் உமுவோஃபியா என்ற ஊரின் வீரனான ஒகோன்க்வோவின் வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு, கணநேர ஆத்திரமே அவனை அழித்தது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அந்த முடிவுக்குப் போகிற வழியில் ஒரு தகவல் பிசகியிருக்கிறது. உமுவோஃபியாவின் ஆறு தலைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வெள்ளைக்கார மாவட்ட ஆணையர், அங்கே பணமாகப் புழங்கிய சோழியில் 250 மூட்டை தண்டம் போட்டார் என்று எழுதியிருக்கிறார். ஆணையர் போட்டது 200 மூட்டை. ஊரார் கட்டியதுதான் 250. நடுவில் இருக்கிற 50 மூட்டையை ஏற்றிச் சொன்னவர்கள் கோர்ட்டுச் சேவகர்கள். எடுத்துக்கொண்டவர்களும் அவர்களே. 23ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் இது வருகிறது. வேகமாகப் படித்தால் கண்ணில் படாது. பொறுப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டால் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு மூட்டைச் சோழிக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு என்பதை நாவலே காட்டுகிறது. ஒகோன்க்வோவின் நண்பன் ஒபியெரிகாவின் மகளுக்குப் பரிசம் பேசும் இடத்தைப் பாருங்கள். வாயால் தொகை சொல்லாமல் ஈர்க்குச்சிக் கட்டைக் கைமாற்றிப் பேரம் பேசுகிறார்கள். பெண் வீட்டார் 30 குச்சி கொடுக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதை 15 ஆக்கித் திருப்புகிறார்கள், கடைசியில் 20 மூட்டைக்கு முடிகிறது. அந்தக் கணக்கில் ஆணையரின் தண்டம் பத்துப் பெண்களுக்கான பரிசம். சேவகர்கள் ஏற்றிய 50 மூட்டை மட்டும் இரண்டரைப் பெண்களுக்கானது. ஓர் ஊரின் வீடுவீடாகப் போய் உடனே திரட்ட வேண்டிய தொகை இது.

இதை இங்கே நிறுத்திவிட்டு முன்னால் போகிறேன், ஏனென்றால் ஒகோன்க்வோவின் கதையில் வீழ்ச்சி என்பது ஒன்றல்ல, இரண்டு. ஏழாண்டு நாடுகடத்தல் ஒன்று. மரத்தில் தொங்கியது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்து ‘அவன் குணம்’ என்று பெயர் போட்டுவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வேண்டிய சட்டமும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நம் நியாய உணர்வைக் கொண்டு அளக்காமல் முதலில் உமுவோஃபியாவின் சட்டத்தைக் கொண்டு அளப்போம்.

மண் தெய்வமான அனிக்கு எதிராக ஒகோன்க்வோ செய்த முதல் குற்றம், சண்டையே கூடாத சமாதான வாரத்தில் இளைய மனைவி ஒஜியுகோவை அடித்தது. தலை பின்னிக்கொள்ளத் தோழி வீட்டுக்குப் போனவள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பவில்லை. இதற்கு அனியின் பூசாரி விதித்த அபராதம் ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி. ஒகோன்க்வோ சொன்னதைக் கொண்டுபோய்க் கட்டினான், மேலே ஒரு பானைக் கள்ளும் சேர்த்தே கொண்டுபோனான். கட்டுரையாளர் சொல்கிற கணநேர ஆத்திரம் இங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. மனத்துக்குள் வருந்தினான் என்றும், அதை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளும் ஆள் அவன் இல்லை என்றும் ஆசிரியரே எழுதுகிறார்.

நாடுகடத்தலுக்குக் காரணமானது துப்பாக்கி. முதியவர் எஸேயுடுவின் சாவுச் சடங்கில் கடைசி மரியாதைக்கு வேட்டுகள் போடுகிறார்கள். ஒகோன்க்வோவின் துப்பாக்கி வெடித்து, சிதறிய ஓர் இரும்புத் துண்டு எஸேயுடுவின் 16 வயது மகனின் இதயத்தில் பாய்கிறது. கட்டுரையாளர் இதை ‘அவன் சுட்டதில்’ என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அவன் யாரையும் குறிவைக்கவில்லை, குண்டும் பாயவில்லை, துப்பாக்கியே உடைந்தது. உமுவோஃபியாவின் சட்டம் இந்த வேறுபாட்டைக் கவனமாக வைத்திருக்கிறது. குலத்தானைக் கொல்வது இரண்டு வகை: தெரிந்து செய்தது ஆண் குற்றம், தெரியாமல் நேர்ந்தது பெண் குற்றம். இது இரண்டாவது, ஆகவே ஏழாண்டு முடிந்ததும் திரும்பலாம்.

இந்த இடத்தில் ஒரு விவரத்தைப் பலர் இணைத்துப் படிப்பதில்லை. புதுக்கிழங்கு விழாவுக்கு முன் நடக்கும் சண்டையில் ஒகோன்க்வோவின் துப்பாக்கி நமக்கு ஏற்கெனவே அறிமுகமாகிறது. பழையது, துருப்பிடித்தது. எப்போதோ உமுவோஃபியாவில் குடியேறிய கெட்டிக்காரக் கொல்லன் ஒருவன் அடித்துக் கொடுத்தது. ஒகோன்க்வோ வேட்டைக்காரன் அல்ல, அந்தத் துப்பாக்கியால் ஓர் எலியைக்கூடக் கொன்றதில்லை என்று அச்செபெ எழுதுகிறார். சுடாத துப்பாக்கி என்று மனைவி எக்வேஃபி முணுமுணுத்ததற்காக அவளை நோக்கியே சுடுகிறான். நல்லவேளை, குறி தப்புகிறது. சாவு வீட்டில் வெடித்தது இதே துப்பாக்கிதான் என்று நாவல் சொல்லவில்லை. ஆனால் அவனிடம் இருந்ததாகக் காட்டப்படுவது இது ஒன்றுதான்.

நாட்டுத் துப்பாக்கி கையாண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. துரு குழலின் உட்சுவரை அரித்துக் குழி குழியாக்கும். குழி விழுந்த இடத்தில் இரும்பு மெலியும். வேட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டுமென்று கருமருந்தைக் கூடுதலாகப் போட்டு இடித்துக் கெட்டித்தால், அழுத்தம் வாய்வழியே போவதற்குள் மெலிந்த பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். அப்போது பறப்பது குழலின் துண்டுகள். முன்னால் நிற்பவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்கே அபாயம் அதிகம். அந்தப் பையன் அப்பாவை வழியனுப்பும் ஆட்டத்தை உடன்பிறந்தவர்களோடு ஆடிக்கொண்டிருந்தான். ஆகவே முதல் வீழ்ச்சியில் ஒகோன்க்வோவின் பங்கு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், தன் கருவியைப் பார்த்துக்கொள்ளாத அசட்டை என்று சொல்லலாம். பயிர் வேலையில் அப்படிப்பட்டவன் அல்ல. விதைக்கிழங்கு வெட்டும்போது கண்ணளவு பிசகக் கூடாது என்று மகனைத் திட்டுகிறவன். துப்பாக்கி அவனுக்கு ஆண்மையின் அடையாளமாக இருந்தது, கருவியாக இல்லை. ஆனால் ஊரில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விடிந்ததும் எஸேயுடுவின் பகுதி ஆட்கள் போர்க்கோலத்தில் வந்து அவன் வீடுகளைக் கொளுத்தி, செம்மண் சுவரை இடித்து, ஆடு மாடுகளைக் கொன்று, களஞ்சியத்தை அழித்தார்கள். அவர்கள் மனத்தில் பகை இல்லை, நிலத்தைச் சுத்தம் செய்கிறார்கள். உயிர் நண்பன் ஒபியெரிகாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

ஒபியெரிகா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிக்கிறான்: தெரியாமல் செய்த ஒன்றுக்கு ஒருவன் இவ்வளவு துன்பப்பட வேண்டுமா? விடை கிடைக்கவில்லை. தன் மனைவிக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் வீசிவிட்டு வந்தது நினைவுக்கு வருகிறது. முதல் வீழ்ச்சியின் பொறுப்பை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும். குலச் சட்டத்தின் மீது முதல் கேள்வி எழுந்தது பாதிரிமார் வருவதற்கு முன்பு, அந்தக் குலத்தின் நல்ல மனிதன் ஒருவனின் திண்ணையில்.

இகெமெஃபுனாவின் கதை வேறு. அங்கே ஒகோன்க்வோ தப்ப முடியாது. உமுவோஃபியாப் பெண் ஒருத்தியை ம்பைனோ என்ற அயலூரில் கொன்றதற்கு ஈடாக வந்த பையன். வந்தபோது வயது 15. மூன்று ஆண்டு இவன் வீட்டில் வளர்ந்து இவனை அப்பா என்று கூப்பிட்டவன். அவனைக் கொல்ல வேண்டும் என்றது மலைக் குகையின் அருள்வாக்கு, ஒகோன்க்வோ அல்ல. எஸேயுடு நேரில் வந்து, அந்தப் பையன் உன்னை அப்பா என்கிறான், அவன் சாவில் கை வைக்காதே என்று தெளிவாகச் சொல்லிவிட்டும் போகிறார். போகாமல் இருந்திருக்கலாம். போனான். போனபிறகும் பின்னால்தான் நடந்து வந்தான். தலையில் கள்ளுப்பானையோடு முன்னால் போன பையன் முதல் வெட்டு விழுந்ததும் “அப்பா, என்னைக் கொன்றுவிட்டார்கள்” என்று இவனை நோக்கி ஓடிவந்தபோது, அரிவாளை உருவி வெட்டியது இவன் கை. கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆத்திரம் இதில் ஒரு துளிகூட இல்லை. கட்டுரையாளரின் ‘ஆத்திரம்’ என்ற சொல் முற்றிலும் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். இவன் வாழ்க்கையின் மிகப் பெரிய குற்றத்தைப் பயத்தில் செய்தான்.

தெய்வத்தின் தூதனுக்குக் கீழ்ப்படிந்ததற்காக மண் என்னைத் தண்டிக்க முடியாது என்று ஒகோன்க்வோ வாதாடுகிறான். அருள்வாக்கு என் மகனைக் கொல்லச் சொன்னால் நான் எதிர்க்கவும் மாட்டேன், வெட்டுபவனாக இருக்கவும் மாட்டேன் என்கிறான் ஒபியெரிகா. பொறுப்பைப் பற்றி இந்த நாவல் சொல்லும் மிக நுட்பமான சொல் அதுதான். கட்டளை ஊருடையது. கை யாருடையது என்பது தனிக் கேள்வி. இகெமெஃபுனாவின் சாவில் ஊருக்கும் அருள்வாக்குக்கும் உள்ள பங்கை ஒகோன்க்வோ மீது போடக் கூடாது. அதேபோல் அந்தக் கடைசி வெட்டை ஊர் மீது போடவும் கூடாது.

அந்த வெட்டின் விலையை ஒகோன்க்வோ கட்டினான். எதைக் கொண்டு கட்டினான் என்பதைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும். அன்றிரவு அப்பா உள்ளே நுழைந்ததுமே மூத்த மகன் ந்வோயேவுக்குப் புரிந்துவிடுகிறது. இழுத்துக் கட்டிய வில் நாண் அறுந்ததுபோல் உள்ளே ஏதோ விட்டுப்போகிறது. பல ஆண்டு கழித்து, நாடுகடந்து வாழ்ந்த ம்பாந்தாவில் பாதிரிமாரின் பாட்டு அவனைப் பிடித்தது சித்தாந்தத்தால் அல்ல. காட்டில் அழும் இரட்டைக் குழந்தைகள், கொல்லப்பட்ட இகெமெஃபுனா என்ற இரண்டு கேள்விகள் அவனுக்குள் கிடந்தன. அப்பன் கழுத்தைப் பிடித்துத் தடியால் அடித்தான், மகன் எழுந்து போனான், திரும்பவில்லை. பிறகு ஐசக் என்று பெயர் வைத்துக்கொண்டு உமுருவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனான். ஒகோன்க்வோ தன் குற்றத்துக்கு விலையாகக் கொடுத்தவன் ந்வோயே. உயிர் போனது வேறு கணக்கில்.

உயிர் போன கணக்குக்கு வருகிறேன். ஏழாண்டு முடிந்து திரும்பியவன் பெரிய வளவு கட்டவும், மகன்களை ஓசோ என்ற உயர்ந்த பட்டத்துக்குள் சேர்க்கவும் திட்டமிட்டிருந்தான். அந்தச் சடங்கு மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அடுத்த முறைக்குக் கிட்டத்தட்ட இரண்டாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. முகமூடி தரித்து நீதி சொல்லும் ஒன்பது மூதாதை ஆவிகளில் அவனுக்கு இருந்த இடமும் போயிருந்தது. ஊரில் வெள்ளைக்காரன் கடை வந்துவிட்டது. பனை எண்ணெய்க்கும் பனங்கொட்டைக்கும் முதன்முறையாக நல்ல விலை கிடைத்து, பணம் புழங்கத் தொடங்கியிருந்தது. ஊர் ஏன் எழவில்லை என்று கேட்பவர்கள் கோழைத்தனத்தோடு இந்த வரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதோடு கோர்ட்டும் வந்திருந்தது. ஒபியெரிகா ஒரு நிலத் தகராற்றைச் சொல்கிறான்: கோர்ட்டு அதை ந்னாமாவின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் சேவகர்களுக்கும் மொழிபெயர்ப்பாளனுக்கும் நிறையப் பணம் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்காக நடந்த சண்டையில் ஒருவனைக் கொன்ற அனேட்டோவை உமுருவுக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள். 50 மூட்டை விவகாரம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. மூன்று அத்தியாயங்களுக்கு முன்பே, 20ஆம் அத்தியாயத்திலேயே, ஆசிரியர் விதை போட்டுவிட்டார்.

ஏனோக்கு என்ற மதம் மாறியவன் மூதாதை ஆவி ஒன்றின் முகமூடியைக் கழற்றியதற்குப் பதிலாக ஊரார் கிறித்தவக் கோயிலை எரித்தார்கள். அது கூடிப் பேசி எடுத்த முடிவு. பாதிரியார் ஸ்மித்தைக் கொல்லச் சொன்ன ஒகோன்க்வோவின் பேச்சை மரியாதையோடு கேட்டுவிட்டு, அதை ஏற்காமல், கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஸ்மித் மீது யாரும் கை வைக்கவில்லை. சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பிய ஆணையர் இனிக்கப் பேசும் தூதன் ஒருவனை அனுப்பி ஆறு தலைவர்களை அழைத்தார். அழைப்பை உமுவோஃபியாக்காரன் மறுக்க மாட்டான், ஆனால் காலம் மாறிவிட்டது, ஆயத்தமாகப் போக வேண்டும் என்று சொன்னவன் ஒகோன்க்வோதான். முன்யோசனை இல்லாதவன் என்ற வாசிப்பை இந்த ஒரு வரி தகர்க்கிறது. துப்பாக்கி எடுத்துப் போவது மரியாதையாக இருக்காது என்று அரிவாள் மட்டும் எடுத்துப் போனார்கள். போனதும் ஆட்டுத்தோல் பைகளையும் உறைபோட்ட அரிவாள்களையும் தரையில் வைத்தார்கள். நடந்ததைச் சொல்ல அவர்களில் ஒருவரான எக்வுவேமே எழுந்தார். கொஞ்சம் இருங்கள், என் ஆட்களும் கேட்கட்டும் என்றார் ஆணையர். 12 பேர் உள்ளே வந்து இவர்களோடு கலந்து உட்கார்ந்தார்கள். எக்வுவேமே மறுபடி தொடங்கினார், கதை முடியவில்லை. உறையிலிருந்து அரிவாளை உருவக்கூட நேரமில்லாமல் ஆறு பேர் கைகளிலும் விலங்கு.

10ஆம் அத்தியாயத்தில் வரும் பழைய நீதிமன்றத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவியை அடிக்கும் உசோவுலுவின் வழக்கு. அவன் தரப்பைக் கேட்கிறார்கள், மனைவியின் அண்ணன் தரப்பைக் கேட்கிறார்கள், உள்ளே போய்க் கலந்து பேசுகிறார்கள், ஒரு பானைக் கள்ளோடு மாமனார் வீட்டுக்குப் போய் மனைவியைக் கெஞ்சிக் கூப்பிடு என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த ஒன்பது ஆவிகளில் ஒன்றின் துள்ளல் நடையைப் பார்த்து அது யார் என்று ஒகோன்க்வோவின் மனைவிகள் கண்டுகொண்டார்கள், வாய் திறக்கவில்லை. ஆக, இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஒருவனைத்தான் ஆணையர் ஒரு தரப்பைக்கூட முழுதாகக் கேட்காமல் பூட்டினார்.

அதன்பின் நடந்தது ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டியது. 200 மூட்டை கட்டினால் விடுகிறேன் என்று ஆணையர் சொன்னார். இவர்கள் தலைவர்கள், மரியாதையாக நடத்துங்கள் என்று சேவகர்களிடம் சொல்லிவிட்டும் போனார். சரி ஐயா என்று அவர்கள் சல்யூட் அடித்தார்கள். அவர் வெளியே போனதும் தலைமைச் சேவகன் சவரக்கத்தியை எடுத்தான். கைதிகளுக்கு நாவிதனும் அவனே. விலங்கு மாட்டிய கைகளோடு உட்கார்ந்திருந்த ஆறு பேரின் தலையையும் மழித்தான். உமுவோஃபியாவில் பிச்சைக்காரன்கூடப் பட்டக் காப்பு போட்டிருக்கிறானே, பத்துச் சோழி பெறுமா அது என்று கேலி செய்தார்கள். இரண்டு நாள் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, வெளிக்குப் போக விடவில்லை. இரவில் வந்து மொட்டைத் தலைகளை ஒன்றோடொன்று மோதினார்கள். வெள்ளைக்காரனைக் கொன்றிருக்க வேண்டும் என்று ஒகோன்க்வோ சொன்னதைக் கேட்ட ஒரு சேவகன் தடியோடு ஓடிவந்து ஒவ்வொருவர் தலையிலும் முதுகிலும் போட்டான். இதே வேளையில் ஊருக்குள், 250 மூட்டை உடனே கட்டாவிட்டால் தலைவர்களை உமுருவுக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போடுவோம் என்று அறிவித்தார்கள்.

பிடித்தவர்கள், காவல் காத்தவர்கள், மழித்தவர்கள், தண்டத் தொகையை ஊருக்குச் சொன்னவர்கள் எல்லாம் ஒரே கூட்டம். ஆணையருக்கு ஊரின் மொழி தெரியாது, ஊருக்கு ஆணையரின் மொழி தெரியாது. நடுவில் இருப்பவன் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதுதான் தண்டம். இதைச் சேவகர்களின் பேராசை என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. கேட்பதற்கு வழியே இல்லாத ஓர் அலுவலகத்தை அமைத்தவர் ஆணையர். மரியாதையாக நடத்தச் சொன்னேன் என்பது அவருக்கு விடுதலை தராது. சொன்னபடி நடந்ததா என்று திரும்பிப் பார்க்க அவர் வரவில்லை.

இது நாவலாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை. 1900இல் பிரிட்டிஷாரின் தென் நைஜீரியப் பாதுகாப்பகம் உருவாகி, அரோ மக்கள் மீது அவர்கள் நடத்திய 1901–02 படையெடுப்புக்குப் பின் இக்போ நாட்டின் உட்பகுதிகளில் நாட்டுக் கோர்ட்டுகளும் அவற்றைச் சுற்றிச் சேவகர், எழுத்தர், மொழிபெயர்ப்பாளர் என்ற அடுக்கும் பரவின. சாம்பல் நிறக் கால்சட்டை போட்ட இந்தச் சேவகர்களை நாவலில் ஊரார் ‘கொட்மா’ என்கிறார்கள். இக்போச் சொல் அல்ல, கோர்ட் மெசஞ்சர் என்பதன் மருவல். 1929இல் இக்போப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தபோது, உடனடிக் காரணம் வரி பற்றிய அச்சம் என்றாலும், அவர்கள் இடித்ததும் எரித்ததும் இந்த நாட்டுக் கோர்ட்டுகளைத்தான். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இப்போது அந்தக் கடைசிக் காலைக்கு வருவோம். கட்டுரையாளரின் ‘கணநேரம்’ இங்கேதான் நிற்க வேண்டும், நிற்கவில்லை. விடுதலையாகி வந்த இரவிலேயே ஒகோன்க்வோ போர் உடையை இறக்கி, புகை படிந்த நார்ப் பாவாடையை உதறி, இறகுத் தலையணியையும் கேடயத்தையும் பார்த்து வைத்தான். ஊர் போர் என்று முடிவு செய்தால் நல்லது, இல்லையென்றால் நானே தனியாகப் பழிதீர்ப்பேன் என்று மூங்கில் கட்டிலில் படுத்தபடி தீர்மானித்தான். முதுகில் சவுக்குத் தழும்பு இருந்தது. காலையில் சந்தைத் திடலில் ஊர்க் கூட்டம், விடுதலையான ஆறு பேரில் ஒருவரான ஒகிகா பேசிக்கொண்டிருக்கிறார். பாதையில் ஒரு கூர்மையான வளைவு. அதைத் திரும்பும்வரை யாரும் தெரியாது. திரும்பியவர்கள் ஐந்து சேவகர்கள். கூட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவன் ஒகோன்க்வோ. யார் வருகிறான் என்று பார்த்ததும் துள்ளி எழுந்தான் என்று எழுதுகிறார் அச்செபெ. வந்தவன் தலைமைச் சேவகன். சவரக்கத்தி பிடித்தவனுக்கும் இதே பதவிப்பெயர்தான். இந்தக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லி வெள்ளைக்காரர் உத்தரவு என்றான். அரிவாள் இரண்டு முறை இறங்கியது.

மற்ற நான்கு பேரை ஊர் தப்பவிட்டது. ‘ஏன் இப்படிச் செய்தான்’ என்று குரல்கள் கேட்டன. அரிவாளை மணலில் துடைத்துவிட்டு நடந்தான். ஊர் கைவிட்டது என்று இந்த இடத்தில் கோபப்படுவது எளிது, எனக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோபம் வருகிறது. ஆனால் அபாமே என்ற இன்னோர் ஊரில் நடந்தது உமுவோஃபியாவுக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்காரனைக் கொன்றதற்கு, பெருஞ்சந்தை நாளில் சந்தையைச் சுற்றி வளைத்து எல்லோரையும் சுட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு தயங்குபவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரின் குற்றம் வேறு. இகெமெஃபுனாவை வெட்டக் கூட்டிப்போன ஊர், மனிதத் தலைகள் கொண்டுவந்ததற்காக அவனைக் கொண்டாடிய ஊர், அதே கை அதே வேலையைச் செய்தபோது ‘ஏன்’ என்று கேட்டது.

ஊழ் என்ற விடை நம் வாசகர்களுக்குச் சட்டென்று வரும். ஒவ்வொருவருக்கும் உரிய தனித்தெய்வமான அவர்களின் ‘சி’ நம் தலையெழுத்து அல்ல. மனிதன் ஆம் என்றால் அவன் சியும் ஆம் என்னும் என்பது அவர்கள் பழமொழி. நாடுகடந்திருந்தபோது அது பொய் என்று ஒகோன்க்வோவே நினைக்கிறான். இரண்டையும் நாவல் அருகருகே விட்டுவிடுகிறது, நாமும் விட்டுவிடலாம்.

அவன் எளிதில் கயிறு தேடுகிறவன் அல்ல என்பதற்கும் சான்று உண்டு. இளவயதில் ஊர்ப் பணக்காரர் ந்வாகிபியே கொடுத்த 800 விதைக்கிழங்கும் அப்பாவின் நண்பர் கொடுத்த 400உம் வாங்கி வாரத்துக்குப் பயிர் வைத்தான். விளைந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அவனுக்கு. அந்த ஆண்டு மழை பிந்தியது, வறட்சி அவன் சொந்த விதையைத் தின்றது. மீதியை நட்டபின் பெய்த மழை நிற்கவே இல்லை. அறுவடை நேரத்தில் ஒருவன் மரக்கிளையில் துணி கட்டித் தொங்கினான். ஒகோன்க்வோ தொங்கவில்லை. அந்த ஆண்டைத் தாண்டியதால் எதையும் தாண்டுவேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டான். அந்த ஆண்டுக்குப் பிறகு இன்னொரு நடவு இருந்தது. சந்தைத் திடலுக்குப் பிறகு அனேட்டோ போன பாதை ஒன்றுதான் இருந்தது, உமுருத் தூக்குமேடை. எந்தக் கயிறு என்பது மட்டும் அவன் கையில் இருந்தது. அந்தத் தேர்வுக்கு அவனே பொறுப்பு, அனியின் சட்டப்படி அது அருவருப்பான குற்றம். மண்ணில் புதைக்கப்படாமல் தீய காட்டில் கிடந்து செத்த அப்பா உனோகாவைப் போல் ஆகிவிடக் கூடாதென்று வாழ்ந்தவனை அவன் குலத்தாரும் கையால் தொட முடியாது.

இவனைத் தற்கொலைக்குத் துரத்தியது நீங்கள் என்று ஒபியெரிகா ஆணையரிடம் சொல்கிறான். அந்தச் சொல்லை அப்படியே ஏற்கிறேன், கையாலும் பயத்தாலும் ஒகோன்க்வோ செய்ததைக் கழித்த பிறகும் அது நிற்கிறது. ஆணையருக்கு அது அவர் எழுதவிருந்த நூலுக்குக் கிடைத்த ஒரு பத்தி. உடலைக் கீழே இறக்க அந்நியர்தான் வேண்டும் என்பதால் ஒபியெரிகா அவருடைய ஆட்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிடுகிறோம் என்கிறான். இறக்கிக் கோர்ட்டுக்குக் கொண்டுவா என்று ஆணையர் உத்தரவிட, சரி ஐயா என்று சேவகன் சல்யூட் அடிக்கிறான்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை